விஸ்காம் சேர்க்கலாமா என்று கேட்ட ராயக்கோட்டை அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு விஸ்காம், அதாவது படம் எடுப்பது, எடிட்டிங், வடிவமைப்பு எல்லாம் சொல்லித் தரும் டிஜிட்டல் மீடியா படிப்புதான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், சொந்தபந்தம் எல்லாம் நர்சிங் சேர்க்கச் சொல்கிறது, ராத்திரி தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "போன்லயே எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க, அதுக்கு எதுக்கு மூணு வருஷம் காலேஜ்?" என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

உங்கள் ஊர் தக்காளி மண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் விடியற்காலையில் போய் ஒரு வியாபாரியைப் பேட்டி எடுக்கிறாள் என்று வைப்போம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஏலம் கூவுகிற சத்தமும் லாரி ஹாரனும்தான் கேட்கிறது. அவருக்குப் பின்னால் பளிச்சென்று விளக்கு எரிந்ததில் முகம் கறுத்துக் கிடக்கிறது. எடிட்டிங்கில் இதை ஓரளவுக்குத்தான் தேற்ற முடியும். காலர் மைக்கை எங்கே குத்துவது, ஹெட்போனில் கேட்டபடியே எப்படிப் பதிவு செய்வது, ஆளை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்பதெல்லாம் கை பழகி வருவது. தக்காளிப் பெட்டி இறக்குகிற கைகளைத் தனியாக எடுத்து வைத்தால் பேட்டியை வெட்டுகிற இடத்தில் அதைப் போட்டு ஒட்டு தெரியாமல் செய்யலாம். எடுத்ததை அன்றைக்கே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட வேண்டும். தப்பாக எடுத்து, அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டி, எங்கே கெட்டது என்று ஆசிரியர் சொல்லி, மறுவாரம் திரும்பப் போய் எடுத்து வந்தால்தான் இதெல்லாம் படியும். மூன்று வருஷம் அதற்குத்தான்.

இப்படிச் செய்ய வைக்காத கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தால் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதே சரி. நோட்ஸ் எழுதிப் பரீட்சை எழுதுவதற்கு இந்தப் படிப்பு வேண்டாம். இந்தத் துறையில் வேலைக்குப் போனால் மார்க் ஷீட்டை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் "செய்ததைக் காட்டு" என்பார்கள். அவள் செய்த வேலைகளிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த இரண்டு மூன்று நிமிட ஷோரீல்தான் அவளுக்காகப் பேசும்.

ஆகவே கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். விஷுவல் கம்யூனிகேஷன் (இதன் சுருக்கம்தான் விஸ்காம்), எலக்ட்ரானிக் மீடியா, டிஜிட்டல் மீடியா என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், அதில் மயங்க வேண்டாம். ஸ்டூடியோவை எல்லாக் கல்லூரியும் பளபளவென்று காட்டும். நீங்கள் கேமரா வழங்கும் பதிவேட்டைக் கேளுங்கள். எந்த மாணவர், என்றைக்கு, எந்தக் கேமராவை வெளியே எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தந்தார் என்று அதில் கையெழுத்து இருக்கும். வாராவாரம் கையெழுத்து விழுந்திருந்தால் அங்கே படிப்பு நடக்கிறது. கடைசிக் கையெழுத்து ஆறு மாதத்துக்கு முந்தையது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, போன செமஸ்டரில் செய்ததைப் போனில் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை ஆசையாகக் காட்டுகிறதா, இல்லை விழிக்கிறதா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மகளும் உடன் இருக்கட்டும்.

பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரிய ஊர்களில் சில தனியார் பயிற்சி மையங்கள் டிப்ளமோ வகுப்பு நடத்திக்கொண்டு, பட்டத்துக்கு வேறெங்கோ தபால் வழியில் பதிவு செய்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தின் முழுநேரப் பட்டமாகவே இருக்கட்டும். பி.எஸ்சி. விஸ்காம் முறையான பட்டம்தான். நாளைக்கு மனம் மாறினால் குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வும் எழுதலாம். வழி அடைபட்டுப் போகாது.

பெரும்பாலான கல்லூரிகளில் ப்ளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் விஸ்காம் சேரலாம். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழக இணைப்பில் வருகின்றன. அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது, பின்னால் மேற்படிப்புக்கு உதவும். சென்னைக்கு அனுப்ப மனம் வந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 5 ஆண்டு எம்.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியாவையும், தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தையும் விசாரியுங்கள். தரமணியில் இடம் குறைவு, அதை மட்டும் நம்பி மற்ற விண்ணப்பங்களை விட்டுவிட வேண்டாம்.

வேலை விஷயத்தில் ஆசை வார்த்தை சொல்ல மாட்டேன். முதல் வருஷம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், வேலை நேரம் நீளும். வசன வரிகள் (சப்டைட்டில்) போடுவது, பின்னணியை நீக்குவது மாதிரி வேலைகளை இப்போது ஏஐ செய்துவிடுகிறது. அதை மட்டும் தெரிந்துகொண்டு வெளியே வருகிறவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் உங்கள் மகளிடம் நீங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அக்கம்பக்கத்தில் கன்னடம் என்று எழுதியிருந்தீர்களே, அது பெரிய சொத்து. உங்கள் ஊரில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் ஓசூரும் பெங்களூரும், மறுபக்கம் தருமபுரியும் சேலமும். மூன்று மொழியில் பேட்டி எடுத்து, வெட்டி, வசனம் சரிபார்க்கிற எடிட்டர் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சி வீடியோவும் பொருட்களின் புகைப்படமும் வேண்டும், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு லேபிள் வடிவமைப்பு வேண்டும். இவையும் இதே படிப்பின் வேலைகள்தான், டிவியும் சினிமாவும் மட்டுமல்ல.

பணத்துக்கு வருவோம். முதல் வருஷமே கேமரா வாங்கித் தர வேண்டாம், கல்லூரிக் கேமரா போதும். 16 ஜிபி ரேம் உள்ள நல்ல லேப்டாப் ஒன்று மட்டும் தேவைப்படும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும், அனிமேஷனுக்கு பிளெண்டரும் காசில்லாமல் கிடைக்கின்றன. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிப்பதைச் சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். நிலத்தை அடமானம் வைத்துப் படிக்க வைக்கிற அளவுக்குக் கட்டணம் கேட்கும் கல்லூரி உங்களுக்கு வேண்டாம். வற்புறுத்தியே சொல்கிறேன், வேண்டாம்.

பெண்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே சுற்றுவாளே என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் குழுவாக அனுப்புகிறார்களா, ஆசிரியர் உடன் போகிறாரா, இருட்டிவிட்டால் விடுதிக்கு எப்படித் திரும்புவார்கள், இன்டர்ன்ஷிப் இடத்தைக் கல்லூரி நேரில் போய்ப் பார்க்கிறதா என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். பொறுப்பான துறையில் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். பதில் சொல்லச் சலித்துக்கொண்டால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். அதோடு நர்சிங் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், கடைசித் தேதி போய்விடக் கூடாது. இரண்டு கல்லூரியாவது பார்த்துவிட்டு மகளோடு வாருங்கள், பாடத்திட்டத்தில் செய்முறைத் தாள்கள் எத்தனை என்று மூவரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.