ப்ளூபெர்ரி வளர்ப்பு: வாசகர் கேள்விகள்

சேலம் டவுனில் மொட்டை மாடியில் வைக்கலாமா? (அஸ்தம்பட்டி வாசகி)

செடி பிழைக்கும், காய்ப்பு சுமார்தான். மார்ச் முதல் மே வரை நிழல்வலை கட்டாயம். மலையில் வீடிருந்தால் அங்கே வையுங்கள்.

ஏற்காட்டில் எந்த ரகம்?

பிலாக்ஸி, மிஸ்டி. இரண்டையும் சேர்த்து வைத்தால் காய் பெரிதாக வரும். நார்தர்ன் ஹைபுஷ் என்ற குளிர்நாட்டு ரகங்கள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் கேட்கும். 1,500 மீட்டர் உயரத்திலும் நமக்கு அது கிடைக்காது.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சாணமும் சாம்பலும் போட்டேன், சரியாகவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? (ஓமலூர் வாசகர்)

மருந்து வேண்டாம். சாம்பலை முதலில் நிறுத்துங்கள். மண்ணின் பி.எச். (அமில, கார அளவு; எண் குறையக் குறைய அமிலம்) எவ்வளவு, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! அது தெரியாமல் யார் பதில் சொல்ல முடியும்? அமில மண் இல்லாமல் ப்ளூபெர்ரி இல்லை என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் (Coville) 1910-லேயே எழுதிவிட்டார். ப்ளூபெர்ரிக்கு வேண்டிய பி.எச். 4.5 முதல் 5.5. அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது; நீங்கள் சொல்லும் மஞ்சள் அதுதான். நம் பக்கம் வெள்ளைக்கல் பூமி. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் காரமும். தொட்டி விளிம்பைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். எவ்வளவு நல்ல மண்கலவை போட்டாலும் இந்தத் தண்ணீர் நாலைந்து மாதத்தில் அதைக் கெடுத்துவிடும். மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள். முடியாவிட்டால், ஊற்றும் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பி.எச். சோதனைத் தாளில் 5.5 காட்டும்வரை பாருங்கள். உரம் அம்மோனியம் சல்பேட் மட்டும், அதுவும் சிட்டிகை அளவு. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைச் சோதித்துக் கொள்ளுங்கள். செடி விற்பவர் இதையெல்லாம் சொல்வதில்லை. ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு "தினமும் தண்ணி ஊத்துங்க" என்று அனுப்பிவிடுகிறார். எத்தனை செடி இப்படிச் செத்திருக்கிறது!

காபித்தூள் சக்கை போட்டால் அமிலம் ஏறுமா? (நாகலூர் வாசகி)

ஏறாது. அமிலம் டிகாக்‌ஷனோடு போய்விடுகிறது. அமிலம் ஏற வேண்டுமானால் கந்தகத்தூளை, செடி நடுவதற்கு மூன்று மாதம் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். மண்ணின் மேல் பரப்பும் மூடாக்குக்கு எஸ்டேட்டில் உதிரும் சில்வர் ஓக் இலை போதும். வேர் மேலாகவே ஓடும், கொத்தாதீர்கள்.

கடைப் பழத்தின் விதையை முளைக்கப் போடலாமா?

பொழுதுபோக்குக்குப் போடுங்கள். தாய்ச்செடியின் குணம் வராது.

பழம் நீலமானதும் பறித்தேன், ஒரே புளிப்பு.

அவசரம். காம்பு ஒட்டும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு வளையம் தெரிந்தால் இன்னும் பழுக்கவில்லை. நீலமாகி ஒரு வாரம் விடுங்கள். பறித்த பிறகு இனிப்பு ஏறாது. அந்த ஒரு வாரமும் சின்னான் குருவிக்கு வலை போடுங்கள். ஏற்காட்டில் குரங்குக்கும் சேர்த்துக் கம்பிக்கூண்டாகவே அடித்துவிடுங்கள்.