ரோஜாத் தோட்டத்தில் வாழை நடலாமா?

கேள்வி: லண்டனில் உள்ள மகள் வீட்டுக்குச் செப்டம்பரில் செல்கிறேன். கிரேட் டிக்ஸ்டர் மாளிகைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். அங்கே பழமையான ரோஜாத் தோட்டத்தை அகற்றிவிட்டு வாழை நட்டார்களாமே, அது நியாயமா? - ஒரு வாசகி, திருச்சி.

பதில்: நியாயம்தான் என்பேன். கிழக்கு சஸெக்ஸில் நார்தியம் என்ற சிற்றூரில் உள்ள அந்தப் பதினைந்தாம் நூற்றாண்டு வீட்டை 1910-இல் நதானியேல் லாய்ட் வாங்கினார். வீட்டை விரிவாக்கி, பழைய மாட்டுத்தொழுவ முற்றத்தில் ரோஜாத் தோட்டத்தை வகுத்துக் கொடுத்தவர், நமக்குப் புது டில்லி வழியாக அறிமுகமான கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ். அவர் பெயருக்காகவாவது விட்டுவைத்திருக்கலாமே என்று உங்களைப் போலவே அப்போது பலரும் வருந்தினார்கள்.

ஆனால், ஒரே மண்ணில் தலைமுறைக் கணக்கில் ரோஜாவையே நட்டுவந்தால் மண் களைத்துப்போய், புதிதாக வைக்கும் கன்றுகள் தழைக்காமல் நோஞ்சானாகவே நிற்கும். அங்கேயும் அதுதான் நேர்ந்தது. நதானியேலின் மகன் கிறிஸ்டோபர் லாய்ட், 1993-இல், தமது 72-ஆம் வயதில், தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டுடன் சேர்ந்து ரோஜாக்களை எடுத்துவிட்டு, வாழை, கல்வாழை, டேலியா என்று வெப்பநாட்டுச் சாயலுள்ள செடிகளை நட்டார். அந்த வயதில் தம் பெற்றோர் வளர்த்த தோட்டத்தில் கைவைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று நான் வியப்பதுண்டு.

லட்யன்ஸின் அமைப்பை அவர் கலைக்கவில்லை என்பதை நேரில் பார்த்தால் உணர்வீர்கள். ஆடிக் காற்றில் வாழையிலை நார்நாராகக் கிழிவதைக் காவிரிக் கரையில் பார்த்திருப்பீர்கள். டிக்ஸ்டரிலோ, சுற்றிலும் நிற்கும் யூ என்ற பசுமை மாறா மரத்தின் வேலியும் தொழுவத்துச் சுவரும் காற்றைத் தடுத்து வெப்பத்தையும் தேக்குவதால்தான் அந்தக் குளிர்நாட்டில் வாழை இலை விரிக்கிறது. அது குலைக்காக வளர்க்கும் வாழை அன்று. குளிரைத் தாங்கும் ஜப்பான் வாழை. பனிக்காலத்தில் அதன் தண்டைச் சுற்றிப் பெரணித் தழைகளை அடைத்துப் பாதுகாக்கிறார்கள். ஒற்றையடிப் பாதையில் இலைகள் தோளில் உரச நடக்கும்போது, ஆளுயர வெர்பீனாவின் ஊதாப் பூக்களுக்கு இடையே டேலியாவின் சிவப்பு தெரிவதை நின்று பாருங்கள்.

செப்டம்பர் அதற்கு ஏற்ற மாதம். பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. திறந்திருக்கும் பகுதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஆஷ்ஃபோர்டு வழியாக ரை நிலையம் சென்று பேருந்து பிடிக்கலாம். ரோஜாதான் காண வேண்டுமென்றால், கென்டில் உள்ள சிஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்துக்கு மற்றொரு முறை ஜூன் மாதத்தில் போய் வாருங்கள்.