மாத்திரை குறைந்தால் வைத்தியமும் குறைந்ததா?

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற அக்காவிடம் கடலோர வாசகர்கள் கேட்டவை.

பாம்பன்: அக்கா, இரத்தப் புற்றுநோய்க்கு மெர்கேப்டோபியூரின் தொடங்கியதும் என் ஆறு வயது மகனுக்கு வெள்ளையணுக்கள் அடியோடு சரிந்தன. மரபணுச் சோதனைக்குப் பிறகு மருந்தை ஆறில் ஒரு பங்காக்கிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு முழு அளவு. நோய் திரும்பிவிடாதா?

இந்த அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அம்மா. கண்மாய்க்குக் கலுங்கு எப்படியோ, இந்த மருந்துக்கு டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 என்ற நொதிகள் அப்படி. மிஞ்சியதை வெளியேற்றுவது அவற்றின் வேலை. உங்கள் மகனுக்கு என்.யு.டி.டி.15 பிறவியிலேயே பழுது. நம் நாட்டில் அதிகம் தென்படுவதும் அதுதான். 2014இல் கொரியக் குடல்நோயாளிகளிடம் பிடிபட்டது. கலுங்கு அடைபட்ட கண்மாய் ஒரு தூறலிலேயே நிரம்பும். அடைமழை பெய்தால் கரை உடையும். அதனால்தான் உங்கள் மகனுக்குச் சிறு அளவே போதும். வழக்கமான அளவு சதுர மீட்டர் உடற்பரப்புக்குத் தினம் 50 முதல் 75 மில்லிகிராம். அந்த நொதிக்கான மரபணுவின் தாய்வழி, தந்தைவழி இரு பிரதிகளும் பழுதென்றால் 10 மில்லிகிராமில் தொடங்கி, இரத்த எண்ணிக்கை பார்த்து மாற்றுவார்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மண்டபம்: இரத்தம் ஏற்றிய மறுநாள் நொதிச் சோதனை எடுத்தார்கள். நம்பலாமா?

சிவப்பணுவில் நொதியை அளந்திருந்தால் தானம் கொடுத்தவரின் நொதியும் சேர்ந்திருக்கும். மரபணுச் சோதனை கேளுங்கள்.

தொண்டி: அத்தை மகனைக் கட்டியதால்தான் பிள்ளைக்கு நொதிக் குறையும் அதனால் புற்றுநோயும் என்கிறார் மாமியார்.

புற்றுநோய்க்கும் இந்த நொதிக் குறைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். குறை, மருந்தைத் தாங்கும் சக்தியைத்தான் மாற்றுகிறது.

தேவிபட்டினம்: அப்படியானால் சொந்தத்தில் கட்டுவதில் தவறே இல்லை என்கிறீர்களா?

எங்கே சொன்னேன்? இருவருமே ஒரு பழுதான பிரதியைச் சுமந்தால் பிள்ளைக்கு இரண்டும் சேர நாலில் ஒரு வாய்ப்பு. உறவுக்குள் அப்படி அமைவது எளிது; அந்நியர்களிடமும் அமையும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நான் பஞ்சாயத்து செய்ய வரவில்லை.

தங்கச்சிமடம்: யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் எழுதியிருக்கிறார் வேறொரு டாக்டர்.

புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். மெர்கேப்டோபியூரின் வெளியேறும் இன்னொரு வழியையும் அது அடைக்கும்.

ஏர்வாடி: அளவை நாமே குறைக்கலாமா?

இது இன்று நான்காவது முறை. கூடாது.

கீழக்கரை: பப்பாளி இலைச் சாறு?

என் துறை அல்ல. காய்ச்சலா? சாறு பிழியும் நேரத்தில் வண்டி ஏறுங்கள்.