பெட்டியை எந்த ஊரில் நிரப்புகிறார்கள்?

கேள்வி: தூத்துக்குடியில் சிறு வியாபாரிகள் சங்கம் நடத்துகிறோம். அடுத்த 20 ஆண்டுகளுக்கான ஊர் வளர்ச்சி பற்றி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். துறைமுகத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. துறைமுகத்தில் இறங்கும் டன் கணக்கு வேறு, ஊரில் புழங்கும் பணம் வேறு. நிலக்கரி கப்பலிலிருந்து கன்வேயரில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போய்விடுகிறது. எடை பெரிது, ஊருக்குக் கிடைக்கும் வேலை சிறிது.

கண்டெய்னர் பெட்டியும் அப்படித்தான். திருப்பூர்ச் சரக்கு அங்கேயே பெட்டியில் நிரப்பி, சீல் வைத்து வந்தால் இங்கே டிரெய்லர் வாடகையோடு முடிந்தது. அதுவே லாரியில் வந்து இங்குள்ள சி.எஃப்.எஸ். கிடங்கில் (பெட்டியில் சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கு) பெட்டிக்குள் ஏறினால் சுமை தூக்குபவர், கணக்கெழுதுபவர், கிளியரிங் ஏஜென்ட், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று பலருக்குப் பிழைப்பு. ஆகவே சிறு ஏற்றுமதியாளர்கள் பலர் சேர்ந்து ஒரே பெட்டியை நிரப்பும்படி ஒரு பொதுக் கிடங்கும், மீனுக்கும் முருங்கைக்கும் குளிர்பதன வசதியும் கேளுங்கள். மழை மாதங்களில் வேலை நின்றுபோகும் உப்பளத் தொழிலாளர்களுக்கு அந்தக் கிடங்கு வேலையில் பயிற்சியும் கேளுங்கள்.

பெரிய கப்பல்களுக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் வெளித்துறைமுகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய கப்பல் நேரே வந்தால் கொழும்பில் மாற்றி ஏற்றும் நாளும் செலவும் மிச்சம். ஆனால் பிற நாட்டுப் பெட்டிகளைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றும் தொழிலை நம்பி ஊரின் எதிர்காலத்தைத் திட்டமிடாதீர்கள். கொழும்பு அதில் ஊறியது. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகமும் முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது, அங்கே கடல் இயற்கையிலேயே ஆழம். தூத்துக்குடியின் பலம் பின்னால் இருக்கும் மதுரை, சிவகாசி, கரூர், திருப்பூர்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வடிகால். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தாழ்வான நிலத்தை மேடாக்கிக் கிடங்கு கட்டினால் அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள் புகும். எந்த நிலத்தில் கட்டலாம், எதைத் தண்ணீருக்கு விட்டுவைக்க வேண்டும் என்ற வரைபடம் வந்த பிறகே புதிய மனைக்கு அனுமதி என்பதை மனுவின் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

இன்னொன்று. துறைமுகம் மத்திய அரசின் கையில், ஊரின் மழைநீரை வடிக்கும் பக்கிள் ஓடை மாநகராட்சியின் கையில், தொழிற்பேட்டை மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் கையில். ஆட்சியருக்கு மட்டும் கொடுத்தால் மனு கோப்பிலேயே தங்கிவிடும். நால்வருக்கும் தனித்தனி நகல் கொடுத்து, நால்வரும் உங்களோடு உட்காரும் கூட்டத்துக்குத் தேதி கேளுங்கள்.