ஊர்வலம் போனா கழுகு வருமா?

கேள்வி: பாறு கழுகுங்க அழிஞ்சுட்டே வருதே, மக்கள்கிட்ட விழிப்புணர்வு ஏற்படுத்தினா காப்பாத்திடலாம் இல்லையா சார்? (வாசகர், சத்தியமங்கலம்)

பதில்: வந்துட்டீங்களா விழிப்புணர்வோட! எனக்கும் இந்த விழிப்புணர்வுக்கும் பழைய வாய்க்கா தகராறு. ஸ்கூல் புள்ளைங்க தலைல தொப்பிய மாட்டி, கைல பதாகைய குடுத்து வெயில்ல நடக்க விடுவாங்க, சிறப்பு விருந்தினர் கொடிய அசைச்ச கையோட ஏசி கார்ல ஏறிடுவார், கடைசில ஆளுக்கொரு சமோசா, அந்த சமோசா பேப்பர் ரோடு பூரா பறக்கும், அத பொறுக்க அடுத்த வாரம் இன்னொரு விழிப்புணர்வு ஊர்வலம். இப்படி எழுதினேன்னு சில பேர் சந்தாவயே நிறுத்திட்டாங்க, போகட்டும்.

கழுகு செத்தது மாட்டு ஊசியால சார். டைக்ளோஃபினாக், வலி மருந்து. அத போட்டும் நோவுல பொழைக்காம மாடு ரெண்டொரு நாள்ல செத்து, அந்தக் கறிய தின்னா கழுகுக்கு கிட்னி அவுட்டு, அறுத்துப் பாத்தா ஈரல் மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கிட்னி வெளியேத்தாத யூரிக் ஆசிட் கழிவு படிஞ்சு கெடக்கும். வெண்முதுகுப் பாறு 1992-ல ஆயிரம் இருந்துச்சுன்னா 2007-ல மிச்சம் ஒண்ணு, இந்தியா பூராவும் இதான் கணக்கு.

2006-ல மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு தடை. நம்மாளு சும்மா இருப்பானா, மனுஷனுக்கு விக்கிற 30 மில்லி பாட்டில வாங்கி மாட்டுக்கு ஏத்தினான். அத தடுக்க 2015-ல மனுஷ ஊசி மருந்து 3 மில்லிக்கு மேல பாட்டில்ல வரக்கூடாதுன்னாங்க. அப்புறம் அசிக்ளோஃபினாக்னு ஒண்ணு, பேருதான் வேற, மாட்டு உடம்புக்குள்ள போனதும் அதே டைக்ளோஃபினாக்கா மாறிடும், அதுக்கும் கீட்டோப்ரோஃபென்ங்கிற இன்னொரு வலி மருந்துக்கும் மாட்டுக்குப் போட 2023-லதான் தடை வந்துச்சு. கழுகுக்கு ஆபத்தில்லாத வலி மருந்து மெலாக்சிகாம் கடைல இருக்கத்தான் செய்யுது. ஆனா நமக்கு சுருக்குனு ஒரு ஊசி, உடனே எந்திரிச்சு நிக்கணும். ஊசி போடலன்னா டாக்டரயே டாக்டர்னு ஒத்துக்காத ஜனம், மாட்டு டாக்டர மட்டும் விட்டுடுவோமா? இதுல வாட்ஸ்அப் வைத்தியருங்க வேற, அவங்களப் பத்தி ஆரம்பிச்சா பக்கம் பத்தாது.

உங்க பக்கத்துல மாயாத்துக் கரை நீர்மருது மரத்துலதான் அந்த வெண்முதுகுப் பாறு கூடு கட்டுது, வருஷத்துக்கு ஒரே முட்டை. ஊர்வலத்துக்குப் பதிலா ஒண்ணு பண்ணுங்க. மெடிக்கல்ல போய் மாட்டுக்கு டைக்ளோ ஊசி வேணும்னு கேளுங்க. எடுத்து நீட்டினா பில் போட்டு வாங்கி நேரா மருந்து ஆய்வாளர் மேஜைல வைங்க. பில் தர மாட்டேன்னான்னா அதையும் சேத்து சொல்லுங்க.