கிரேப் சுட பாக்கெட் மாவு எதற்கு?

கேள்வி: பள்ளி விடுமுறை வந்தாலே பிள்ளைகள் கிரேப் (மெல்லிய பான்கேக்) கேட்கிறார்கள். பால் ஊற்றிக் குலுக்கினால் போதும் என்று பாட்டிலிலும், பாக்கெட்டிலும் பான்கேக் கலவை விற்கிறார்கள். அதை வாங்கலாமா, வீட்டிலேயே கரைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. அடுத்த முறை கடையில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் கோதுமை மாவுதான் முதலில் இருக்கும். அப்புறம் சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு. செய்முறையைப் பார்த்தால் முட்டை, பால், எண்ணெய் எல்லாம் நீங்கள்தான் சேர்க்க வேண்டியிருக்கும். குலுக்குகிற பாட்டிலில் பால் பவுடரும் முட்டைப் பவுடரும் கூட இருக்கலாம், அவ்வளவுதான். பாக்கெட் விலையை அதன் கிராம் கணக்கால் வகுத்துப் பாருங்கள். பக்கத்து அலமாரியில் இருக்கும் 2.5 கிலோ கேக் மாவுக்கும் (நைசான வெள்ளைக் கோதுமை மாவு) அதே கணக்கைப் போடுங்கள். கைப்பேசியில் அரை நிமிட வேலை. அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு கை தானாகவே மாவுப் பக்கம் போகும்.

வரியையும் பார்க்க வேண்டும். நம் தென்னாப்பிரிக்காவில் முட்டை, பால், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு வாட் கிடையாது (ஆலிவ் எண்ணெய்க்கு உண்டு). 2019 ஏப்ரல் 1 முதல் கேக் மாவுக்கும் வெள்ளை பிரெட் மாவுக்கும் அதே சலுகை வந்தது. இவற்றைக் கலந்து பெட்டியில் அடைத்துவிட்டால் 15 சதவீத வரி சேர்ந்துவிடுகிறது. கிரேப்புக்கு வேண்டிய நான்கு முக்கியப் பொருளும் வரியில்லாமல் கிடைக்கும்போது கலவைக்கு ஏன் வரி கட்ட வேண்டும்? ஒரு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, பேக்கிங் பவுடர் சேர்ந்த கலவை பெரும்பாலும் தடிமனாக உப்பி வரும். அதை இங்கே நாம் ஃப்ளாப்ஜாக் என்போம். பிள்ளைகள் கேட்பது மெல்லியதாக, சுருட்டிச் சாப்பிடுவது. இரண்டும் வேறு.

சரி, செய்முறை. 250 கிராம் கேக் மாவு (ஏறக்குறைய 2 கப்), 3 முட்டை, அரை லிட்டர் பால், 2 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. மாவின் நடுவில் குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி, பாலில் பாதியை மட்டும் விட்டு நன்றாக அடியுங்கள். கெட்டியாக இருக்கும்போது அடித்தால்தான் கட்டி உடையும். முழுப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டிகள் மிதந்துகொண்டே இருக்கும். வழவழப்பானதும் மீதிப் பால், எண்ணெய், உப்பு. ஆஃப்ரிக்கானர் வீடுகளில் பானகூக் என்ற அவர்களின் மெல்லிய பான்கேக் மாவில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுவார்கள். நல்ல பழக்கம், கிரேப் மெத்தென்று வரும், புளிப்பு தெரியாது. பிறகு அரை மணி நேரம் மூடி வையுங்கள். மாவு பாலை உறிஞ்சி, அடித்ததில் ஏறிய இழுவை தளர வேண்டும். இதை அவசரப்படுத்தினால் கிரேப் ரப்பர் மாதிரி ஆகிவிடும். கரண்டியை முக்கி எடுத்து அதன் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். கெட்டியாகத் தெரிந்தால் கொஞ்சம் தண்ணீர் விடலாம்.

தோசைக்கு மாவை நடுவில் ஊற்றிக் கரண்டியால் தேய்க்கிறோம். இங்கே தேய்க்கக் கூடாது. சட்டியைக் கையில் தூக்கிப் பிடித்து, கால் கப் மாவை ஊற்றிய உடனே சாய்த்துச் சுழற்றுங்கள், மாவு தானே ஓடிப் பரவும். மிதமான தீ போதும். ஓரம் பழுப்பாகி மெல்லச் சுருண்டு எழும்பும், மேலே ஈரப் பளபளப்பு மறையும். அப்போது திருப்புங்கள். அடுத்த பக்கத்துக்கு அரை நிமிடம் தாராளம். முதல் கிரேப் சரியாக வராவிட்டால் மாவைத் திருத்தப் போகாதீர்கள், சூடு இன்னும் நிலைக்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்த அளவுக்குச் சின்னச் சட்டியில் ஒரு டஜனுக்கு மேல் வரும். இலவங்கப்பட்டைப் பொடி கலந்த சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தேங்காய்த் துருவலும் வெல்லமும், மதியம் மிஞ்சிய உருளைக்கிழங்குக் கறி எதை வைத்தாலும் பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

கேள்வி: புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. முட்டை இல்லாமல் கிரேப் வருமா? கடைக் கலவையை நம்பலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: வரும். முட்டைதான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. அது இல்லாதபோது அந்த வேலையைக் கொஞ்சம் கார்ன்ஃப்ளோர் பார்த்துக்கொள்ளும். 200 கிராம் கேக் மாவு, 3 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர், 450 மில்லி பால், 2 மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை. கஞ்சிக்கு வாங்கும் மீலிமீல் (கரகரப்பான மக்காச்சோள மாவு) இதற்கு ஆகாது, கிரேப் பொடிந்துவிடும். கார்ன்ஃப்ளோர் அடியில் படிவதால் ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். கிரேப்பைச் சின்னதாகச் சுடுங்கள், மேல் பக்கம் முழுவதும் காய்ந்த பிறகே திருப்புங்கள். அதற்கு முன் கை வைத்தால் கிழியும்.

கடைக் கலவை வாங்குவதானால் ஒவ்வொரு முறையும் லேபிளைப் பார்த்தே ஆக வேண்டும். சிலவற்றில் முட்டைப் பவுடர் சேர்ந்திருக்கும். முட்டை, பால், கோதுமை, சோயா, நிலக்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து விரதத்துக்கு வாங்கிவிடாதீர்கள்.

பால் பவுடரில் கரைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை குறைவாக, கிட்டத்தட்ட அதே மாதிரிப் பையில் காபி கிரீமர் இருக்கும். அது பால் இல்லை, பெரும்பாலும் குளுக்கோஸ் பாகும் தாவரக் கொழுப்பும்தான். கிரேப்புக்கு வேண்டியது பால் பவுடர்.

கேள்வி: தள்ளுபடியில் ஒட்டாத கிரேப் சட்டி வாங்கினேன். இரண்டாவது மாதமே பூச்சு உரிகிறது. மரக்கரண்டிதான் பயன்படுத்தினேன். தள்ளுபடிப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்கிறார்கள்.
– வாசகர், டொங்காட்

பதில்: ஐயா, விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008ஆம் ஆண்டின் 68ஆம் சட்டம்) 55, 56ஆம் பிரிவுகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. வாங்கிய 6 மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால், பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. தள்ளுபடியில் விற்றதால் இந்த உரிமை போய்விடாது, சுவரில் எழுதி ஒட்டினாலும் போகாது. ‘இந்தச் சட்டியில் பூச்சு பழுது’ என்று குறிப்பாகச் சொல்லி, நீங்கள் சம்மதித்து வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு.

ஸ்லிப்பையும் சட்டியின் படத்தையும் இணைத்து, என்ன வேண்டும் என்று ஒரே வரியில் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. வெப்பத்தில் அச்சடித்த ஸ்லிப் சில மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

பணம் கைக்கு வந்தால் இன்னொரு கிரேப் சட்டிக்கு ஓட வேண்டாம். வீட்டில் முட்டை பொரிக்கிற தட்டையான சட்டி இருந்தால் அதுவே போதும். பழகிய தோசைக்கல்லிலும் சுடலாம். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள், மாவில் சர்க்கரை மட்டும் சேர்க்காதீர்கள், கல்லில் பிடித்துவிடும்.

கேள்வி: கேக் மாவு வாங்கி மூன்று வாரத்தில் வண்டு. குறை கடையிலா, என்னிடமா?
– வாசகி, டர்பன்

பதில்: பையைப் பிரித்தபோதே இருந்தால் கடையில். ஸ்லிப்போடு திருப்பிக் கொடுங்கள். பிரித்த பிறகு வந்திருந்தால் நம் ஊர்ச் சூடும் ஈரப்பதமும் காரணமாக இருக்கலாம். வாங்கியதும் மூன்று நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பை நன்றாக உலர்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் கொட்டுங்கள். பழைய மாவின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: அலமாரியில் ஒரு விலை, பில் போடும்போது அதைவிட அதிகம். எதைக் கட்ட வேண்டும்?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அலமாரியில் இருந்த விலையை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததைத்தான் கேட்கலாம் என்கிறது. பார்த்தவுடனே தவறு என்று தெரிகிற அச்சுப் பிழைக்கு மட்டும் விலக்கு உண்டு. பணம் கட்டும் முன் ஊழியரை அழைத்து அலமாரியைக் காட்டுங்கள். அட்டையை யாராவது மாற்றுவதற்குள் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.