உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கொஞ்ச நாளா நைட்ல பழைய குங்ஃபூ படமா தேடித் தேடிப் பாத்துட்டு இருக்கேன். எல்லாம் எழுபதுகள், எண்பதுகள்ல வந்தது, இங்கிலீஷ் டப்பிங். உதடு நின்ன பிறகும் வசனம் ஓடிட்டே இருக்கு, சில இடத்துல வாய் அசையுது, சத்தமே வரல. வில்லனுக்கு வர்ற அதே குரல் டீக்கடைக்காரருக்கும் வருது. ரூம்ல கூட இருக்கற பசங்க வசனத்துக்கு வசனம் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க, "மொக்கையா இருக்கறதாலதான்டா நல்லா இருக்கு"ங்கறாங்க. எனக்கு அப்படித் தோணல. ஃபைட் வந்தா நான் சிரிக்கறதில்ல, மூச்சப் புடிச்சுட்டு பாக்கறேன். முந்தாநாள் ஒரு நிஞ்ஜா படம் பாத்தேன், சம்பந்தமே இல்லாத ரெண்டு படத்த வெட்டி ஒட்டுன மாதிரி இருந்துச்சு, அதையும் கடைசி வரைக்கும் பாத்தேன். இதுல என்னடா இருக்குன்னு பசங்க கேட்டா பதில் சொல்லத் தெரியல. இது ரசனைக் குறைவா? இன்னொண்ணும் கேக்கணும். இப்ப அந்தப் படங்கள ரீமாஸ்டர் பண்ணி மாண்டரின் சீன மொழி ஆடியோவோட விடறாங்க. ஒரிஜினல்லதான் பாக்கணுமா, டப்பிங்லயே பாக்கலாமா?

அன்புடன்,
மு.

அன்புள்ள மு.,

கடைசிக் கேள்விய முதல்ல எடுத்துக்கறேன், மத்ததுக்கும் பதில் அதுக்குள்ளதான் இருக்கு. நீங்க ஒரிஜினல்னு நினைக்கற மாண்டரின் ஆடியோவும் டப்பிங்தான். இந்தப் படங்கள எடுத்த அந்தக் காலத்து ஹாங்காங்ல ஷூட்டிங்ல சவுண்டே எடுக்க மாட்டாங்க, கேமரா மட்டும் ஓடும், டைரக்டர் பக்கத்துல நின்னு அடி, குனி, திரும்புன்னு கத்தலாம், வசனம் அடி காத்து செருப்புச் சத்தம் எல்லாமே பின்னாடி ஸ்டுடியோல உக்காந்து சேக்கறதுதான். கிட்டத்தட்ட எண்பதுகள் முடியற வரைக்கும் அங்க இதான் வழக்கம். அதுக்கு நியாயமும் இருந்துச்சு. ஹீரோ ஹாங்காங்ல புழங்கற காண்டனீஸ் பேசுவாரு, கூட நடிக்கறவர் தைவான்லேருந்து வந்து மாண்டரின் பேசுவாரு, வில்லன் கொரியாக்காரரா இருப்பாரு, படமோ தைவான், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துன்னு அத்தனை ஊர்லயும் ஓடியாகணும். ஜாக்கி சானோட ஆரம்பகால மாண்டரின் படங்கள்ல கேக்கற குரல் ஜாக்கி சானோடது கிடையாது. நமக்கு இத விளக்கவே வேண்டாம், தமிழ் தெரியாத ஹீரோயினுக்கு வேற ஒருத்தங்க குரல் கொடுத்து, அந்தக் குரல அந்த முகத்தோடவே சேத்து வருஷக்கணக்கா ரசிச்ச ஊர்தான நம்மளது.

இங்கிலீஷ் டப்பிங்கும் பெரும்பாலும் ஹாங்காங்லயே பண்ணதுதான். அங்க குடியிருந்த இங்கிலீஷ் பேசற ஆளுங்க, ரேடியோல வேலை பாத்தவங்க மாதிரி ஒரு சின்னக் கூட்டம். டெட் தாமஸ்னு ஒரு ரேடியோக்காரர் அப்படி ஒரு குழுவ நடத்துனாரு. கையில இருக்கற கொஞ்சப் பேர வச்சே கிழவன், குழந்தை, சாமியார், அடியாள்னு எல்லாருக்கும் பேசியாகணும், உங்க டீக்கடைக்காரருக்கு வில்லன் குரல் வந்தது அதனாலதான். மாண்டரின்ல வாய் எத்தனை தடவை திறக்குதோ அதுக்குள்ள இங்கிலீஷ நுழைக்கணும். இடம் மிஞ்சினா தேவையில்லாத ஒரு சொல்லப் போட்டு நிரப்பணும், இடம் பத்தலன்னா மூச்சு விடாம பேசி முடிக்கணும், அந்த விட்டு விட்டு வர்ற பேச்சு அப்படிப் பொறந்ததுதான். காசும் நேரமும் இல்லாத இடத்துல உதட்டத் துரத்திப் புடிக்கப் பாத்த வேலை அது, அந்தக் குரல்காரங்க மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு.

இப்ப ஃபைட்டுக்கு வாங்க. அடுத்த தடவை பாக்கறப்ப ஒண்ணு மட்டும் கவனிங்க. வசனம் உதட்டோட சேராது, ஆனா அடி விழற சத்தம் கையோட சேராம ஒரு இடத்துலகூட போகாது. கை கையத் தடுக்கற சத்தம் வேற, நெஞ்சுல குத்து விழற சத்தம் வேற, சட்டைக் கை காத்த வெட்டற சத்தம் வேற, ஒவ்வொண்ணும் அந்தந்த ஃப்ரேம்ல சரியா வந்து உக்காந்திருக்கும். இருக்கற கொஞ்சக் காச எங்க செலவழிக்கணும்னு அவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு. இந்தச் சுத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னா, அந்த நடிகர்கள், ஃபைட் மாஸ்டருங்கள்ல ஏகப்பட்ட பேர் பீகிங் ஆப்பராவுல, அதாவது பாட்டும் நடிப்பும் சண்டையும் கலந்த சீன மேடைக் கூத்துல வளந்தவங்க. ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூணு பேரும் ஹாங்காங்ல யூ ஜிம்-யுவென் நடத்துன ஆப்பரா பள்ளியில சின்னப் பசங்களா சேந்து அங்கயே தங்கி, அடி வாங்கி, தலைகீழா நின்னு கத்துக்கிட்டவங்க. கூத்துல அடவு முடியற இடத்துல மத்தளம் விழும் பாருங்க, அதே மாதிரி அந்த மேடையிலயும் வேகமா நாலு அசைவு, சட்டுன்னு ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்துல மேளமும் தாளமும் விழும், திரும்பவும் நாலு அசைவு. சினிமாவுக்கு வந்தப்ப மேளம் இருந்த இடத்த அடிச் சத்தம் எடுத்துக்கிச்சு. நீங்க மூச்சப் புடிச்சுட்டு பாக்கறேன்னு எழுதிருக்கீங்களே, அந்தத் தாளம்தான் உங்களப் புடிச்சு நிறுத்துது. அதுக்கு எந்த மொழியும் வேண்டியதில்ல.

1978ல ஹாங்காங் ஸ்டுடியோ ஷா பிரதர்ஸ் எடுத்த 'தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (ஷாவோலின் மடத்தோட 36ஆவது அறை) பாத்திருப்பீங்க, பாக்கலன்னா இன்னிக்கே பாருங்க. கோர்டன் லியூ மொட்டைத்தலையோட பயிற்சி எடுக்கறது மட்டுமே படத்துல பெரிய பகுதி. அதுல தண்ணி தூக்கற ஒரு சீன். ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி கைக்கு ஒரு வாளி, மேல்கையில கத்தி கட்டி வச்சிருப்பாங்க, கை சோந்து கொஞ்சம் இறங்குனா கத்தி விலாவுல குத்தும். அந்த நிலையிலேயே நடந்து தண்ணிய கொண்டு போய்ச் சேக்கணும். இங்க வசனமே தேவையில்ல, கை நடுங்கறதும் முகம் சுருங்கறதும் போதும். அப்புறம் மிதக்கற கட்டைங்க மேல கால் வச்சுத் தாண்டுனாத்தான் சோறு, தாண்டத் தெரியாம தண்ணிக்குள்ள விழுந்து விழுந்து எழுந்திரிக்கறவன பாத்துட்டே இருக்கோம், ஒரு நாள் கால் நனையாம தாண்டிடுறான், நமக்கு நாமளே தாண்டுன மாதிரி இருக்கு. அத எடுத்த லாவ் கார்-லியுங் சினிமாவுக்காக சண்டை கத்துக்கிட்டவர் கிடையாது. அவங்கப்பாவோட குரு லாம் சாய்-விங், லாம் சாய்-விங்கோட குரு வோங் ஃபெய்-ஹங், அப்படி வழிவழியா வந்த ஹுங் கார் சண்டை முறை அது. அதனாலதான் அவர் கேமராவ பின்னாடி தள்ளி வச்சு, தலையிலேருந்து கால் வரைக்கும் தெரியற மாதிரி, ஒரே ஷாட்டுல பத்து பதினைஞ்சு அசைவு ஓட விடறாரு. ஃப்ரேம் கொஞ்சம் குறைச்சு எடுத்து வேகத்தக் கூட்டுவாங்கதான், ஆனா முஷ்டிக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கற ரெண்டு விரல் தூரத்த எந்த கேமரா வித்தையும் உண்டாக்க முடியாது, அது வருஷக்கணக்கா உடம்புல ஏத்துனது. இன்னிக்கு நூறு கோடி ரூபாய்ல எடுக்கற படத்துல ஒரு குத்துக்கு மூணு கட் வைக்கறாங்க, யாரு யார அடிச்சான்னே தெரியல, எனக்கு அதுதான் மட்டமான வேலையா படுது.

நீங்க பாத்த நிஞ்ஜா படம் எதுன்னு எழுதல, ஆனா எந்த வகைன்னு புரியுது. காட்ஃப்ரே ஹோ டைரக்ட் பண்ணி, ஜோசப் லாயோட ஐஎஃப்டி கம்பெனி வெளியிட்ட வகை. கொரியா, தைவான், தாய்லாந்துன்னு எங்கயாவது எடுத்து யாரும் கண்டுக்காம கிடக்கற படத்த குறைஞ்ச விலைக்கு வாங்கறது, ரிச்சர்ட் ஹாரிசன் மாதிரி வெள்ளைக்கார நடிகர வச்சு கொஞ்ச நேர நிஞ்ஜா சீன் புதுசா எடுக்கறது, ரெண்டையும் டப்பிங்ல தச்சுடறது. இந்தப் படத்து ஆளும் அந்தப் படத்து ஆளும் போன்ல பேசிக்குவாங்க, ஒரே ஃப்ரேம்ல சேந்து நிக்கவே மாட்டாங்க. 1985ல வந்த 'நிஞ்ஜா டெர்மினேட்டர்'ல ஹாரிசன் பேசற போன் கார்ஃபீல்ட் பூனை பொம்மை போன், உங்க பசங்க அதக் காட்டித்தான் சிரிப்பாங்க. நான் அதுல காட்ட விரும்பறது வேற ஒரு ஆள. வாங்கி ஒட்டுன கொரியப் படத்துப் பகுதியில பொன்னிற விக் வச்சுட்டு ஒருத்தர் வருவாரு, ஹுவாங் ஜங்-லீ. 1978ல 'ட்ரங்கன் மாஸ்டர்' கிளைமாக்ஸ்ல ஜாக்கி சானோட மோதற அதே கொரிய வில்லன். விக் பாக்க சகிக்கல, குரல் யாருதோ, கதைக்குத் தலையும் இல்ல வாலும் இல்ல. கால தூக்குறாரு, ஒரு கால்ல நின்னுட்டே மேல, நடுவுல, திரும்பவும் மேல, கால் தரையத் தொடாமலே உதைக்கறாரு. அவ்வளவு கந்தலுக்குள்ளயும் அந்தக் கால் சுத்தமா இருக்கு. நீங்க கடைசி வரைக்கும் பாத்ததுக்கும் இப்படி ஏதோ ஒண்ணுதான் காரணமா இருக்கும்னு நினைக்கறேன்.

அதுக்காக மலிவா எடுத்தது எல்லாத்தையும் தூக்கிப் பேச மாட்டேன். 1973 ஜூலைல புரூஸ் லீ செத்த பிறகு, அவர் பாதியில விட்டுட்டுப் போன படத்த 1978ல 'கேம் ஆஃப் டெத்'னு முடிச்சு விட்டாங்க. டூப் ஆள உக்கார வச்சு, எதிர்ல கண்ணாடியில புரூஸ் லீ முகத்த வெட்டி ஒட்டி எடுத்த ஷாட் ஒண்ணு இருக்கு, அதையாவது விட்டுடலாம், அவரோட நிஜமான இறுதிச் சடங்குக் காட்சிய கதைக்குள்ள கொண்டு வந்து சேத்தது இருக்கே, அத என்னால இன்னிக்கும் மன்னிக்க முடியல.

டப்பிங் பத்தி இன்னொரு சங்கதி. 1973ல 'கிங் பாக்ஸர்' வேற பேர்ல அமெரிக்காவுல ரிலீஸ் ஆகி சக்கைப்போடு போட்டுச்சு, அதுக்கப்புறம் நியூயார்க் 42ஆவது தெரு தியேட்டருங்கள்ல இந்தப் படங்க ஓடிட்டே இருந்துச்சு. பாத்தவங்கள்ல பெரிய கூட்டம் கறுப்பினப் பசங்களும் போர்ட்டோரிக்கோ பசங்களும். வெள்ளைக்காரன் இல்லாத ஒரு ஹீரோ, கையில காசு இல்ல, துப்பாக்கி இல்ல, ஊரே அவன மிதிக்குது, உடம்ப மட்டும் நம்பி எழுந்து நிக்கறான். அந்தப் பசங்களுக்கு இது சீனாக்காரன் கதையா தெரியல. பின்னாடி டிவியில சனிக்கிழமை சனிக்கிழமை போட்டாங்க. அப்படிப் பாத்து வளந்த பசங்கதான் 1993ல வூ-டாங் கிளான்ங்கற ராப் குழுவா முதல் ஆல்பம் போட்டாங்க, குழுவோட பேரும் அங்கேருந்து வந்தது, ஆல்பம் பேர்லயும் அந்த 36 அறைகள் உண்டு. ஆல்பத்தப் போட்டதும் முதல்ல கேக்கறது ராப் கிடையாது, ஒரு குங்ஃபூ படத்தோட இங்கிலீஷ் டப்பிங் குரல். உங்க ரூம்ல சிரிப்பு வாங்குன அதே மாதிரிக் குரல். அவங்களுக்கு அந்தக் குரல்தான் படமே, நம்ம ஊர்ல எத்தனையோ பேருக்கு ஜாக்கி சான் டிவியில தமிழ் பேசித்தான் பழக்கம் ஆன மாதிரி.

அதனால ஷாவோலின் பயிற்சிப் படங்கள நீங்க பாத்து வந்தபடியே டப்பிங்ல பாருங்க, ஒண்ணும் குறையாது, சப்டைட்டில் படிக்கற நேரத்துல கால் அசைவ விட்டுடுவீங்க. மாண்டரின்ல பாக்கணும்னா ஒரு படம் சொல்றேன், லாவ் கார்-லியுங் 1984ல கொண்டு வந்த 'எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்'. ஏழு அண்ணன் தம்பிங்க போருக்குப் போறாங்க, துரோகத்துல மாட்டி ரெண்டு பேர்தான் உயிரோட தப்பிக்கறாங்க, ஒருத்தன் மடத்துக்குப் போறான், ஒருத்தனுக்கு புத்தி பேதலிச்சுடுது. புத்தி பேதலிச்சவனா நடிச்ச அலெக்ஸாண்டர் ஃபு ஷெங் ஷூட்டிங் நடக்கறப்பவே 1983 ஜூலைல கார் விபத்துல செத்துட்டாரு. அதனால அந்தக் கேரக்டர் நடுவுலேயே காணாம போகும், கதையில காரணம் தேடாதீங்க, அவர் இல்லாமத்தான் மாத்தி முடிச்சாங்க. முழுக்க முழுக்க இழவு வீட்டுப் படம், அந்த அழுகைய இங்கிலீஷ் டப்பிங் தாங்கல, மாண்டரின் குரல்கள் தாங்குது. கிளைமாக்ஸ்ல சவப்பெட்டிங்கள அடுக்கி வச்சு அது மேலயே கம்புச் சண்டை நடக்கும், அப்ப சிரிக்கற பசங்களையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. பாத்துட்டு எழுதுங்க.